தேக்கோங்கில் காய்ச்சல் வந்தா சொல்லணுமா, மறைக்கணுமா? (பிஎம்டி: ரிப்போர்ட் சிக், எம்சி, ரீகோர்ஸ்)

#1 பொங்கோல்_அம்மா

பையனுக்கு அடுத்த மாசம் பிஎம்டி (தேசிய சேவையோட அடிப்படை ராணுவப் பயிற்சி), சிங்கப்பூர் தேக்கோங் தீவுல. சொந்தக்காரப் பசங்க எல்லாரும் ஒரே பாட்டு: "உடம்பு சரியில்லைன்னா வெளிய சொல்லாதே, ரீகோர்ஸ் பண்ணி முதல்ல இருந்து செய்ய வெச்சுடுவாங்க, சாவ் கெங்னு, நோய் நடிக்கிறவன்னு பேர் வாங்கிடுவே. பேனடால் ரெண்டு பட்டை எடுத்துக்கிட்டுப் போ." எனக்கு இது சரியாப் படல. உள்ள நடைமுறை என்ன, எம்ஓவை, அதான் ராணுவ டாக்டரை, பார்த்தா என்ன கொடுப்பாங்க, எத்தனை நாள் போனா பயிற்சியை முதல்ல இருந்து செய்யணும்? தெரிஞ்சவங்க விவரமா எழுதுங்க. மெரட்ட வேணாம், ஆறுதலும் வேணாம்.

#2 மெடிக்_மணி

அக்கா, முதல்ல நடைமுறை.

ரிப்போர்ட் சிக், அதாவது உடம்பு சரியில்லைன்னு சொல்லி எம்ஓவைப் பார்க்கப் போறதுக்கு ஏத்த நேரம் காலை, முதல் அணிவகுப்புக்கு முன்னாடி. பையன் தன் செக்‌ஷன் கமாண்டர்கிட்ட சொல்லணும், அவர் பேர் எழுதிக்குவார். மெடிக்கல் சென்டர் தீவிலேயே இருக்கு. அங்க முதல்ல மெடிக் (மருத்துவ உதவியாளர்) வெப்பநிலை, நாடி, ரத்த அழுத்தம் பார்ப்பார், அப்புறம் எம்ஓ. பல கம்பெனிகள்ல (பயிற்சிப் படைப்பிரிவுகள்ல) ஒரு ராத்திரிக்கான பையோட வரச் சொல்வாங்க. அங்கேயே படுக்க வைக்கலாம், வீட்டுக்கும் அனுப்பலாம். பல்துலக்கி, மாத்துத் துணி, போன் சார்ஜர், கண்ணாடி இதெல்லாம் அந்தப் பையில இருக்கணும்.

காலையில ஒண்ணும் இல்லாம மத்தியானம் காய்ச்சல் அடிச்சா நாளைக் காலை வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. எந்த நேரமும் சொல்லலாம். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, தலைசுத்தல், குழப்பம் இருந்தா அது ரிப்போர்ட் சிக் இல்ல, அவசரம். தீவுல சமாளிக்க முடியாததை மெயின்லேண்டுக்குக் கொண்டு போவாங்க. கிட்ட இருக்கிற பெரிய மருத்துவமனை சாங்கி பொது மருத்துவமனை.

எம்ஓ கொடுக்கிற ஸ்டேட்டஸ் மூணு தட்டு. அட்டென்ட் "ஏ"ன்னா பயிற்சிக்குப் போகலாம். "பி"ன்னா லைட் டியூட்டி, லேசான வேலை மட்டும். "சி"ன்னா முழு ஓய்வு, நாம எம்சின்னு சொல்றது அதுதான். இது போக எக்ஸ்கியூஸ்னு ஒரு பெரிய பட்டியல்: எக்ஸ்கியூஸ் ஆர்எம்ஜேன்னா ஓடக் கூடாது, மார்ச் பண்ணக் கூடாது, குதிக்கக் கூடாது. ஹெவி லோட், லோயர் லிம்ப், அப்பர் லிம்ப், பூட்ஸ், கேமஃப்ளாஜ் கிரீம் இப்படி எதுக்கும் எக்ஸ்கியூஸ் உண்டு.

நிறையப் பசங்க தவறவிடுற ஒண்ணு: சீட்டுல தேதி சரியா இருக்கான்னு மெடிக்கல் சென்டரை விட்டுக் கிளம்புறதுக்கு முன்னாடியே படிச்சுப் பார்க்கணும். "மூணு நாள்"னு வாயில சொல்லி சீட்டுல ரெண்டு நாள் போட்டிருந்தா சார்ஜன்ட் சீட்டைத்தான் பார்ப்பார். அதைப் படம் எடுத்து செக்‌ஷன் கமாண்டருக்கு அனுப்பிடணும். லைட் டியூட்டி பையன் பின்னால வேற சார்ஜன்ட் கையில மாட்டும்போது அந்தப் படம்தான் பேசும்.

#3 பழைய_சார்ஜன்ட்

ரீகோர்ஸ் பயம் பாதி உண்மை, பாதி புருடா.

ரெண்டு நாள் எம்சியால யாரும் ரீகோர்ஸ் ஆவறதில்லை. எத்தனை நாள் போச்சுங்கறது ஒரு கணக்கு, எதைத் தவற விட்டாங்கறது இன்னொரு கணக்கு. ரெண்டாவதுதான் கனமானது. லெக்சர், ட்ரில் போச்சுன்னா பிடிச்சுக்கலாம். சுடுறது, கையெறி குண்டு, ஃபீல்ட் கேம்ப் (காட்டுல தங்கிச் செய்யற பயிற்சி) இதெல்லாம் மொத்த அமைப்பையும் திரட்டி ஒரு தடவை நடத்துற விஷயம். விட்டதைச் செய்யற மேக்கப் நாள் இருந்தா நுழைச்சு விடுவாங்க, இல்லைன்னா அடுத்த பேட்ச். ஒன்பது வாரப் பயிற்சியில ஃபீல்ட் கேம்ப் நடுவுல வரும், அதுக்கு முன்னாடி ரெண்டு வாரம் எல்லாப் பசங்களும் இருமலை முழுங்கிக்கிட்டுத் திரியுறது இதனாலதான்.

கமாண்ட் ஸ்கூல் (சார்ஜன்ட், ஆபீசர் பயிற்சி) ஆசை இருக்கிற பையனுக்கு இன்னொரு கவலை, சிட் டெஸ்ட். தலைமைப் பண்பைக் கவனிக்கிற களச் சோதனை அது. அது போச்சுன்னா மதிப்பெண்ணுல ஓட்டை விழும், மறுக்கல.

ஆனா ஒண்ணு. வாரம் ரெண்டுல சொல்லி ரெண்டு நாள் படுத்தவன் ஃபீல்ட் கேம்ப்புக்கு வந்துடுவான். மறைச்சு மறைச்சு வாரம் நாலுல நிமோனியாவா மாத்திக்கிட்டவன்தான் பத்து நாள் போய் ரீகோர்ஸ் ஆவான். ரீகோர்ஸ் வேணாம்னு மறைக்கிறதுல லாபமே இல்ல.

சாவ் கெங் பட்டம் பத்தி: அது ரிப்போர்ட் சிக் போனவனுக்குக் கிடைக்கிறதில்லை. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னாடி கால் வலின்னு போயிட்டு கேன்டீன்ல சிரிச்சுக்கிட்டு இருக்கிறவனுக்குக் கிடைக்கும். பசங்களுக்கு வித்தியாசம் நல்லாத் தெரியும். நோய் நடிக்கிறது சட்டப்படி குற்றமும்கூட, அதையும் பையன் தெரிஞ்சுக்கட்டும்.

#4 மாத்திரை_டப்பா

> பேனடால் ரெண்டு பட்டை எடுத்துக்கிட்டுப் போ

இந்த ஒரு வரிக்காகத்தான் எழுத வந்தேன். இதுதான் இந்த இழையிலேயே ஆபத்தான அறிவுரை.

காய்ச்சலில் மூளை உடம்பின் வெப்பநிலையை மேலே ஏற்றி வைக்கிறது. பேனடாலில் உள்ள பாரசிட்டமால் அந்த அளவை நாலு முதல் ஆறு மணி நேரத்துக்கு இறக்கும். ஆனால் ஓடும்போது தசை உண்டாக்கும் வெப்பத்தை அது தொடுவதே இல்லை. காலையில் 38.3 இருந்த பையன் ரெண்டு மாத்திரை போட்டு 37.2 காட்டி வெப்பநிலைச் சோதனையைத் தாண்டிவிடுவான். எட்டு மணிக்கு மூட்டையோடு நடக்கத் தொடங்கினால், உழைப்பு மட்டுமே ஒன்றரை, ரெண்டு டிகிரி ஏற்றும். மருந்தின் வீரியம் இறங்கும் நேரமும் வெயில் ஏறும் நேரமும் ஒன்றாக வரும். உள்வெப்பம் 40 தாண்டுவதற்கு இது போதும். வெப்பநிலைச் சோதனை வைத்திருப்பதே இந்தப் பையனைப் பிடிக்கத்தான்.

அதனால் மாத்திரை போட்டிருந்தால் எத்தனை மணிக்குப் போட்டான் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். மறைக்கிற விஷயமல்ல, எம்ஓ கேட்கிற முதல் கேள்வியே அதுதான்.

மற்றவை:

பாரசிட்டமால் 500 மில்லிகிராம் ரெண்டு, ஆறு மணிக்கு ஒரு தடவை, நாளைக்கு மொத்தம் 4 கிராமுக்கு மேல் கூடாது. கடையில் விற்கும் சளி மாத்திரைகள் பலவற்றில் ஏற்கெனவே பாரசிட்டமால் இருக்கிறது. அதையும் இதையும் சேர்த்துப் போட்டால் அளவு தாண்டிவிடும், ஈரல் வாங்கிக் கட்டிக்கொள்ளும்.

மூக்கொழுகலுக்குக் கொடுக்கும் குளோர்ஃபெனிரமின் தூக்கம் வரவைக்கும், வியர்வையையும் குறைக்கும். சுடும் நாளில் தூக்கக் கலக்கம், நடக்கும் நாளில் வியர்வைக் குறைவு, ரெண்டுமே வேண்டாம். மூக்கடைப்புக்கான சூடோஎஃபெட்ரின் இதயத்துடிப்பை ஏற்றி, தோலின் ரத்தக் குழாய்களைச் சுருக்கும். வெப்பம் வெளியேறும் வழியே அதுதான்.

மூட்டுவலிக்கு ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போட்டுக்கொண்டு நீண்ட நடை நடப்பதும் வழக்கமாகிவிட்டது. நீர் வற்றிய உடம்பில் அது சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். டெங்கி சந்தேகம் இருந்தால் அறவே கூடாது, ரத்தக்கசிவு கூடும். சிங்கப்பூரில் கடும் காய்ச்சலும் கண்ணுக்குப் பின்னால் வலியும் சேர்ந்தால் முதலில் டெங்கியை நினைக்க வேண்டும்.

மருந்து ஒவ்வாமை, ஜி6பிடி குறைபாடு (சில மருந்துகள் ஒத்துக்கொள்ளாத பரம்பரை ரத்தக் குறை), ஆஸ்துமா இருந்தால் சேரும்போதே சொல்லி, பழைய டாக்டர் கடிதத்தையும் கொடுத்துவிடுங்கள். பத்து வயதோடு போய்விட்ட ஆஸ்துமா என்றாலும் சொல்லுங்கள்.

#5 கிளிமென்டி_காளை

சரி, ஆனா எல்லாத்துக்கும் எம்ஓகிட்ட ஓடினா எழுபது பேரும் க்யூவுலதான் நிப்பாங்க. ஒரே பங்க்கில (படுக்கிற அறையில) பன்னிரண்டு, பதினாறு பேர், ஒருத்தன் இருமினா வாரக் கடைசிக்குள்ள எல்லாருக்கும் வரும். லேசான மூக்கொழுகலுக்குமா?

#6 மெடிக்_மணி

நியாயமான கேள்வி. விளையாட்டு மருத்துவத்துல ஒரு எளிய அளவுகோல் உண்டு: தொல்லை கழுத்துக்கு மேலயா, கீழயா? மூக்கொழுகல், தும்மல், லேசான தொண்டைக் கரகரப்பு, காய்ச்சல் இல்ல. இது கழுத்துக்கு மேல. சார்ஜன்ட் காதுல போட்டுட்டுப் பயிற்சி செய்யலாம். நெஞ்சுச் சளி, உடம்பு வலி, குளிர் நடுக்கம், வயித்துப்போக்கு, வாந்தி இதெல்லாம் கீழ. காய்ச்சல் எங்கே இருந்தாலும் கீழதான். கீழன்னா ஓடக் கூடாது, பேச்சே இல்ல.

இந்தக் கோடு எதுக்குன்னா, வைரஸ் காய்ச்சலோட கடுமையா உழைச்சா சில பேருக்கு இதயத் தசையிலேயே அழற்சி வரும். அரிதுதான். ஆனா ஆரோக்கியமான பதினெட்டு, இருபது வயசுப் பசங்களுக்கும் வரும். சளி விட்ட பிறகு நெஞ்சு வலி, படபடப்பு, மாடி ஏறினாலே மூச்சு வாங்கறதுன்னா கண்டிப்பா ஈசிஜி எடுக்கணும்.

காய்ச்சல் விட்டதும் மறுநாளே ஓட்டமும் கூடாது. மாத்திரை இல்லாம குறைஞ்சது ஒரு முழு நாள் காய்ச்சல் இல்லாம இருக்கணும், அப்புறம் நடை, அப்புறம் மெல்ல ஓட்டம். எம்சிக்குப் பின்னால எம்ஓ லைட் டியூட்டி சேர்த்துக் கொடுத்தா அதைத் தண்டனையா நினைக்க வேணாம். வெப்பத்துக்குப் பழகிக்க உடம்புக்குப் பத்திலிருந்து பதினாலு நாள் ஆகும், படுக்கையில கிடந்தா அந்தப் பழக்கம் கரைய ஆரம்பிச்சுடும்.

#7 வெயில்_மாமா

வெப்பத்தைப் பத்திக் கொஞ்சம் நீளமாவே எழுதுறேன், மத்த நோய் எல்லாம் அவகாசம் கொடுக்கும், இது கொடுக்காது.

தேக்கோங்கில் பயிற்சியை நிறுத்துறதும் நடத்துறதும் சாதாரணத் தெர்மாமீட்டரை வெச்சு இல்ல. டபிள்யூபிஜிடின்னு ஒரு அளவு. ஈரத் துணி சுத்தின தெர்மாமீட்டருக்கு எழுபது சதவீதம், வெயில்ல வெச்ச கறுப்பு உருண்டைக்கு இருபது, நிழல் வெப்பத்துக்குப் பத்து. ஈரத்துக்கு இவ்வளவு பங்கு ஏன்னா, வியர்வை ஆவியானாதான் உடம்பு குளிரும். காத்துல ஈரம் நிறைஞ்சிருந்தா வியர்வை சொட்டும், குளிராது. மழை பெஞ்சு ஓய்ஞ்ச மேகமூட்டமான காலையும் அதனாலதான் ஆபத்து. 30 டிகிரிக்குக் கீழ வெள்ளைக் கொடி, அப்புறம் பச்சை, மஞ்சள், சிவப்பு, 33லிருந்து கறுப்பு. நிறம் ஏற ஏற உழைக்கிற நிமிஷம் குறையும், ஓய்வு நிமிஷம் கூடும்.

ஆனா அந்த அட்டவணை ஆரோக்கியமான, பழகின, தூங்கின ஆளுக்குப் போட்டது. முந்தாநாள் காய்ச்சல் இருந்தவனுக்கு வெள்ளைக் கொடியும் கறுப்புதான். ஏழு மணி நேரம் தடையில்லாத ஓய்வுன்னு விதி இருக்கறது இதுக்குத்தான். அந்த நேரத்துல போர்வைக்குள்ள போன் பார்க்கறது பசங்களே தங்களுக்குச் செஞ்சுக்கிற வினை.

பக்கத்துல நடக்கிற பட்டிதான் (ஜோடி சேர்த்துவிட்ட கூட்டாளிதான்) முதல்ல கண்டுபிடிப்பான். நேர்க்கோட்டுல நடக்காம பக்கவாட்டுல இழுத்துக்கிட்டுப் போறது, கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாம பதில் சொல்றது, திடீர்னு கோபம், பேர் கேட்டா யோசிக்கறது. தோல் காய்ஞ்சிருக்கணும்னு பாடப்புத்தகத்துல இருக்கும், நம்பாதீங்க. உழைச்சு வர்ற வெப்பத்தாக்குல ஆள் தொப்பலா நனைஞ்சிருப்பான்.

செய்ய வேண்டியது: "சேஃப்டி"ன்னு கத்தி நிறுத்து. நிழல். துணியைக் கழட்டு. தலையிலிருந்து கால் வரை தண்ணி ஊத்து, விசிறு. ஐஸ் இருந்தா அக்குள், கழுத்து, தொடையிடுக்கு. மெடிக் வந்து ஆசனவாய் வழியா வெப்பம் பார்ப்பார், வாயிலயும் காதுலயும் பார்க்கிற அளவு இங்க பொய் சொல்லும். முதல்ல குளிர வை, அப்புறம்தான் வண்டி. அரை மணி நேரத்துக்குள்ள இறக்கினா பிழைக்கற வாய்ப்பு ரொம்பவே நல்லா இருக்கு. 2018 ஏப்ரல்ல பிடோக் முகாம்ல 8 கிலோமீட்டர் வேக நடைக்குப் பிறகு ஒரு தேசிய சேவையாளர் வெப்பத்தாக்குல விழுந்து, அந்த மாசக் கடைசியில இறந்தார். சம்பவ இடத்துல கவனிச்ச விதத்துலயும் மெடிக்கல் சென்டருக்குக் கொண்டு போன தாமதத்துலயும் விசாரணைக் குழு குறை கண்டது. முன்கையைக் குளிர்ந்த தண்ணித் தொட்டியில முக்கி வைக்கிற ஏற்பாடு எல்லாம் அதுக்கு அப்புறம்தான் பரவலாச்சு.

#8 தேக்கோங்_பன்றி

தண்ணி குடிச்சா எல்லாம் சரியாயிடும்னு சொல்றவங்களுக்கும் ஒரு வார்த்தை. எல்லாரையும் நிறுத்திக் குடிக்க வைக்கிற வாட்டர் பரேடுக்கு மேல தானா லிட்டர் லிட்டரா ஊத்திக்கிறவன் இருக்கான். மணிக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல போனா ரத்தத்துல உப்பு நீர்த்துப் போகும். தலைவலி, வாந்தி, குழப்பம், வயிறு உப்பல். பார்க்க வெப்பத் தளர்ச்சி மாதிரியே இருக்கும், அதுக்கு இன்னும் தண்ணி கொடுத்தா ஆள் காலி. "எவ்வளவு குடிச்சே, எத்தனை தடவை ஒண்ணுக்குப் போனே"ன்னு கேட்டா தெரிஞ்சிடும். தண்ணி மாதிரி நிறமில்லாம நிறையப் போயிட்டிருந்தா இன்னும் குடிக்க வேணாம். லேசான மஞ்சள் போதும். கோலா நிறத்துல போச்சுன்னா தசை சிதையுது, அன்னைக்கே எம்ஓ.

காட்டுப் பன்றிக்கு ரேஷன் போடாதீங்க. என் இனம்தான், ஆனாலும் சொல்றேன், மூட்டையைக் கிழிச்சுடும்.

#9 பொங்கோல்_அம்மா

ரொம்ப நன்றி. பேனடால் பட்டை வெளிய எடுத்து வெச்சாச்சு. ஃபீல்ட் கேம்ப்ல குளியலே இல்லையாமே, அஞ்சாறு நாள் எப்படி? இவனுக்குத் தோல் சீக்கிரம் அரிக்கும்.

#10 பழைய_சார்ஜன்ட்

பவுடர் பாத் அக்கா. அதுலயும் முறை இருக்கு, பசங்க தப்பாத்தான் செய்வாங்க. வேர்வையோட இருக்கிற உடம்புல கொட்டினா பவுடர் களியாகி, கட்டி கட்டியா ஒட்டி, தொடையை உப்புத்தாள் மாதிரி அறுக்கும். முதல்ல வெட் டிஷ்யூ: முகம், கழுத்து, அக்குள், கடைசியா தொடையிடுக்கு, பாதம். இந்த வரிசை மாறக் கூடாது. ரெண்டு நிமிஷம் காத்தாட விடணும். அப்புறம் மெல்லிசா பவுடர். விரல் இடுக்குல தனித்தனியா. காலுறை ராத்திரி மாத்தியே ஆகணும், ஒரு நாளைக்கு ஒரு ஜோடின்னு ஜிப் பையில கட்டிக் கொடுங்க, காத்தை அழுத்தி எடுத்துட்டு.

முகத்துல பூசுற கேமஃப்ளாஜ் கிரீமை சோப்பு போட்டுத் தேய்க்கக் கூடாது. பேபி ஆயில் இல்லைன்னா எண்ணெய்ப் பசை உள்ள துடைப்பான்ல கரைச்சு எடுத்துட்டு, அப்புறம் கழுவணும். கான்டாக்ட் லென்ஸ் வேணவே வேணாம்.

#11 மாத்திரை_டப்பா

படர்தாமரைக்குப் பவுடர் மருந்தல்ல, ஈரத்தை உறிஞ்சும், அவ்வளவுதான். குளோட்ரிமசோல் கிரீம் நாளைக்கு ரெண்டு தடவை, தடிப்பின் ஓரத்தையும் தாண்டி ஒரு விரல் அகலம். மறைந்த பிறகும் ரெண்டு வாரம் தொடர வேண்டும். ஸ்டீராய்டு கலந்த கிரீமை யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். அரிப்பு ரெண்டே நாளில் அடங்கும், பூஞ்சை உள்ளே பரவும்.

கொப்புளத்தின் தோலை உரிக்கக் கூடாது. வலித்தால் சுத்தமான ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை எடுத்து, தோலை அப்படியே மூடிக் கட்டுங்கள். சுற்றிலும் சிவந்து சூடாக இருந்தால் சிவப்பின் எல்லையைப் பேனாவால் வரைந்து நேரம் எழுதுங்கள். கோட்டைத் தாண்டினால், அல்லது குளிர் எடுத்தால், அது செல்லுலைட்டிஸ், தோலுக்கடியில் பரவும் தொற்று. பூட்ஸுக்குள் ஒளித்து வைத்து ஒரு கொப்புளத்துக்காக மருத்துவமனை வார்டுக்குப் போகிற பையன்கள் உண்டு.

#12 முழங்கால்_டாக்டர்

கால் விஷயம் யாரும் தொடவில்லை. முன்காலெலும்பு முழுக்கப் பரவலாக வலித்து, நடக்க நடக்கக் குறைந்தால் அது ஷின் ஸ்ப்ளின்ட். ஓய்வு, ஐஸ், ஓட்டத்தைக் குறைத்தல் போதும். ஒரே விரலால் தொட்டுக் காட்டக்கூடிய ஒரு புள்ளியில் வலி, நடக்க நடக்கக் கூடுகிறது, ராத்திரி படுத்தாலும் வலிக்கிறது என்றால் எலும்பு கீறலாக இருக்கலாம். முதல் ரெண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது சகஜம். எக்ஸ்ரே சுத்தமாக வந்தும் அதே புள்ளி வலித்தால் மறுபடி போய்ச் சொல்ல வேண்டும். தொடையிடுக்கில் ஆழமாக வலித்து நொண்டினால் ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது. இடுப்பு மூட்டின் கழுத்தில் கீறல் விழுந்து நகர்ந்துவிட்டால் அறுவை சிகிச்சைதான்.

நோய்க்கு ரெண்டு நாள், இதற்கு ஆறு முதல் எட்டு வாரம். ரீகோர்ஸ் ஆகும் பையன்களில் காய்ச்சல்காரர்களைவிடக் கால்காரர்களையே தேடிப் பாருங்கள்.

#13 யீஷூன்_தம்பி

வீக்கெண்ட் புக் அவுட்ல, முகாமை விட்டு வந்தப்ப, வீட்டுல காய்ச்சல் வந்தா? ஞாயிறு ராத்திரி புக் இன் பண்ணி உள்ள திரும்பியே ஆகணுமா?

#14 மெடிக்_மணி

காய்ச்சலோட படகு ஏற வேணாம் தம்பி. வெளி டாக்டரைப் பார்த்து எம்சி வாங்கலாம். பாலிகிளினிக்கில (அரசு கிளினிக்ல) 11பி, அதான் ராணுவ அடையாள அட்டை, காட்டினா செலவு ராணுவக் கணக்கு, தனியார் கிளினிக்னா பெரும்பாலும் கைக்காசு. முக்கியம், புக் இன் நேரத்துக்கு முன்னாடியே செக்‌ஷன் கமாண்டருக்குப் போன். மெசேஜ் மட்டும் போட்டுட்டுத் தூங்கிடாதே, அவர் பார்த்துப் பதில் சொன்னாரான்னு உறுதி பண்ணிக்க. எம்சி படம் அனுப்பு, ஒரிஜினலைக் கொண்டு போ. சொல்லாம வராம இருந்தா கையில எம்சி இருந்தாலும் ஏவோல்னு, அனுமதியில்லாம வராம இருந்த குத்தம்னு, ஒரு தலைவலி கிளம்பும். எம்சி முடிஞ்சு உள்ள போனதும், காய்ச்சல் எப்ப விட்டுச்சு, என்ன மருந்து ஓடுதுன்னு சொல்லு. வெளி டாக்டர் லைட் டியூட்டி எழுதியிருக்க மாட்டார், அது தேவைன்னா எம்ஓவைப் பார்த்துக் கேளு.

#15 பொங்கோல்_அம்மா

கடைசியா ஒண்ணு. நிலவேம்புப் பொடியும் சுக்குமல்லியும் கொடுத்து அனுப்பலாமா?

#16 மாத்திரை_டப்பா

சுக்குமல்லி வீட்டில் இருக்கும்போது குடிக்கட்டும். நிலவேம்பு வேண்டாம். பங்க்கில் பெயர் எழுதாத பச்சைப் பொடி பொட்டலத்தோடு பையன் நின்றால் சார்ஜன்ட் கேட்கும் கேள்விக்கு அவனால் பதில் சொல்ல முடியாது. ஓஆர்எஸ் பாக்கெட் நாலு வையுங்கள். 200 மில்லிக்கா, ஒரு லிட்டருக்கா என்று பாக்கெட்டிலேயே போட்டிருக்கும், பிராண்டுக்கு பிராண்டு மாறும். ஒரு லிட்டர் பாக்கெட்டைக் கப்பில் கரைத்துக் குடித்தால் வயிற்றுப்போக்கு கூடும்.

#17 பொங்கோல்_அம்மா

ஓகே. தெர்மாமீட்டர் டிஜிட்டல் ஒண்ணு வாங்கியாச்சு, பேட்டரியும் மாத்தியாச்சு.